பிலோமினா டீச்சரும் அந்த இரைச்சலும்

தொலைபேசித் திரையில் பிலோமினா டீச்சரின் பெயர் தெரிந்தது. "சேர், நான் பிலோமினா கதைக்கிறேன், சுகமா?" என்ற அவருடைய குரல் ஒலிக்கும் என்று காதில் வைத்துக் காத்திருந்தேன். அது பதிந்து வைத்த குரல். ஆஸ்பத்திரியில் குரல்வளையை அகற்றிய நாளிலிருந்து டீச்சர் அழைப்பு எடுப்பது அப்படித்தான். மகள் அனுப்பிய டெப் என்ற கைக்கணினியைத் தொலைபேசியருகே பிடித்து, வேண்டிய வாக்கியத்தை அழுத்துவார். நான் பதில் சொல்வேன். அவர் அடுத்ததை அழுத்துவார்.

அன்று காலை எதுவும் ஒலிக்கவில்லை. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவருடைய கணவர் சைமனின் குரல் வந்தது.

"சேர்... அவ போயிட்டா சேர்."

தொலைபேசியை வைத்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

டீச்சரை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். கற்பிட்டி வீதியிலுள்ள ஒரு பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். அவர் சங்கீதம் படிப்பித்தார். கடற்கரையோரக் கத்தோலிக்கக் குடும்பம். சைமன் முதலில் படகு வைத்திருந்தார், பிறகு வீட்டுக்குப் பின்னால் கருவாடு காயப்போடும் வாடி ஒன்று போட்டார். டீச்சர் பாடசாலைக்கு வந்த முதல் வாரமே ஆசிரியர் அறையில் ஒரு குழப்பம். தமக்குக் கொடுத்த கதிரையில் உட்கார மாட்டேன் என்று விட்டார். காரணம், தலைக்கு மேலே இருந்த டியூப் லைட்.

"என்ன டீச்சர், லைட்டும் பாடுதோ?" என்று அதிபர் கேலி செய்தார்.

"பாடினாப் பரவாயில்ல சேர். சுருதி இல்லாம முனகுது. அதுக்குக் கீழ இருந்து நான் எப்பிடிப் பிள்ளைகளுக்கு ஸ்வரம் எழுதுற?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மேசையில் ஏறி அந்த லைட்டின் சோக்கைத் தொட்டுப் பார்த்தேன். உண்மையில் அதிர்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு எட்டாத ஒன்று அவர் காதில் தெளிவாக விழுந்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் நட்பு தொடங்கியது.

அவருடைய "ஓம்" பாடசாலையில் பிரசித்தம். பிள்ளைகள் பொய்க் காரணம் சொல்லும்போது "ஓம்" என்று இழுப்பார். பிள்ளை அதோடு உண்மையைச் சொல்லிவிடும். ஆசிரியர் கூட்டத்தில் யாராவது அளவுக்கு மேல் பேசினால் கட்டையாக ஒரு "ஓம்" விழும். பேச்சு நின்றுவிடும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

இருவரும் ஓய்வு பெற்றுச் சில காலத்துக்குப் பிறகு அவர் தொண்டை கட்டத் தொடங்கியது. முதலில் சளி, தடிமன் என்றார்கள். பிறகுதான் தெரிந்தது புற்றுநோய் என்று. கொழும்பில் வைத்தியர் சுற்றி வளைக்கவில்லை: குரல்வளையை முழுதாக எடுத்தால் உயிர் தப்ப வழியுண்டு, எடுத்த பின் பேச்சு வராது. வருகிற திங்கட்கிழமை காலை வார்டில் சேர வேண்டும்.

செய்தி கேட்டுப் போனபோது முஸ்லிம்களான எங்களுக்கு நோன்பு காலம், அவர்களுக்குத் தவக்காலம். டீச்சர் என்னை உட்காரச் சொன்னார். அவரிடம் மிஞ்சியிருந்தது கரகரத்த, ஆழமான ஒரு குரல். அதுவும் காலையில் சிறிது நேரந்தான் வந்தது. மத்தியானத்துக்குப் பிறகு வெறும் காற்று.

"தேத்தண்ணி தரமாட்டேன், நோன்பு. எனக்கும் நோன்புதான் சேர், துப்பலே இறங்குதில்ல," என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "ஒரு உதவி வேணும். நான் கதைக்கிறத இப்பவே பதிஞ்சு வைக்கணும். பிறகு அமத்தி அமத்திக் கதைக்கிறதுக்கு. கடதாசியில எழுதி நீட்டிக்கொண்டு இவரோட குடும்பம் நடத்த ஏலாது."

"எழுதினா நான் கண்ணாடி தேடவேணும்," என்றார் சைமன்.

"அதுக்குள்ள என்ட கோபம் ஆறிரும்."

மூவரும் சிரித்தோம். ஆனால் நாட்கள் குறைவு. திங்களுக்கு முன் அந்தக் குரலைப் பிடித்து வைக்க வேண்டும். அதுவும் காலை வேளைகளில் மட்டும். சோதனை செய்து பார்க்கிறேன் என்று அவரை வீணாகப் பேச வைத்தால், அது மிஞ்சிய குரலிலிருந்துதான் கழியும்.

வெள்ளிக்கிழமை காலை முதலில் தொலைபேசியில் பதிந்தோம். அவர் குரல் மிக மெலிந்திருந்ததால் கடலும் காற்றுமே முன்னால் நின்றன. கோயில் பாடகர் குழுவின் மைக்கையும் சிறிய ஒலி மிக்சரையும் சைமன் போய்க் கேட்டு வாங்கி வந்தார். மகள் றொஷானி இத்தாலிக்குப் போகுமுன் பாவித்த பழைய லெப்டொப் ஒன்று அலுமாரியில் இருந்தது. அதன் பெட்டரி செத்துப் போயிருந்தது. பிளக்கில் போட்டால்தான் வேலை செய்யும். படுக்கையறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து, மைக்கை அவர் வாயருகே வைத்து, ஹெட்போனை மாட்டினேன்.

ம்ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். யாரோ வாயைத் திறக்காமல் முனகுவது போல, நிற்காமல், ஏறி இறங்காமல்.

டீச்சர் கையை நீட்டி ஹெட்போனை வாங்கிக் கேட்டார். எழுந்து போய் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினார், இல்லையென்று தலையாட்டினார். அடுத்த கட்டையை அழுத்தினார், மீண்டும் தலையாட்டினார்.

"ரெண்டுக்கும் நடுவுல நிக்குது சேர். சுருதியும் இல்ல, வெக்கமும் இல்ல."

இரைச்சலைக் கழுவி எடுக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி, அவர் பேசிய ஒரு வாக்கியத்தைப் போட்டுக் கொடுத்தேன். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது ஆரு?"

"நீங்கதான் டீச்சர்."

"இல்ல. இது என்னப் போலக் கதைக்கிற தகரப் பேணி."

அவர் சொன்னது சரி. நோயால் கீழிறங்கியிருந்த அவர் குரலும் அந்த இரைச்சலும் ஒரே இடத்தில் கிடந்தன. ஒன்றைச் சுரண்டினால் மற்றதும் சேர்ந்து வந்தது. அரிசிக்குள் அதே நிறத்தில் கிடக்கும் கல்லைப் போல. வேறு வழியில்லை, இரைச்சலை அது வரும் இடத்திலேயே பிடிக்க வேண்டும்.

வகுப்பில் யாராவது கள்ளத்தனமாக முனகினால் நான் ஒரு வேலை செய்வேன். வரிசை வரிசையாக வெளியே அனுப்புவேன். எந்த வரிசை போனதும் சத்தம் நிற்கிறதோ, ஆள் அதற்குள் இருக்கிறான். அதே முறையை வீட்டில் செய்தேன். சைமன் மின்விசிறியை நிறுத்தினார். டியூப் லைட்டை அணைத்தார். தண்ணீர் மோட்டரின் பிளக்கைக் கழற்றினார். டீச்சர் ஹெட்போனோடு கண்மூடி இருந்து, குரலைச் செலவழிக்காமல் கைவிரலால் மட்டும் சொன்னார்: மாற்றமில்லை, மாற்றமில்லை. பிரிஜை நிறுத்தியபோது விரல் சற்றுத் தாழ்ந்தது. கொஞ்சம் குறைவு. ஆனால் போகவில்லை.

மிக்சர் முன்னறைப் பிளக்கிலும் லெப்டொப் படுக்கையறைப் பிளக்கிலும் இருந்தன. இப்படி இரண்டு இடத்தில் மின்சாரம் எடுத்து, இரண்டையும் ஒரு வயரால் இணைத்தால், எர்த் வயர்கள் ஒரு வளையமாகி அதற்குள் மின்சாரம் சுற்றும். அந்தச் சுற்று மைக்கின் சத்தத்தோடு கலந்துவிடும். இரண்டையும் ஒரே மல்டி பிளக்கில் மாட்டினேன். பாதிக்கு மேல் போனது. டீச்சர் முகம் மலர்ந்தது. பிறகு மறுபடி நெற்றி சுருங்கியது. இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அத்தோடு முடிந்தது.

சனிக்கிழமை முற்பகல் நான் வந்தபோது சைமன் வாசலிலேயே காத்திருந்தார்.

"சேர், வந்து கேட்டுப் பாருங்க. சத்தம் போயிட்டு!"

ஹெட்போனை மாட்டினேன். உண்மைதான், இரைச்சல் ஏறக்குறைய இல்லை. "என்ன செஞ்சீங்க?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் டீச்சர் ஆவலோடு மைக்கை இழுத்து உதட்டருகே கொண்டுபோனார். அடுத்த கணம் "ஆ" என்று பின்வாங்கி வாயைப் பொத்திக்கொண்டார். மைக் தரையில் விழுந்தது.

"என்ன டீச்சர்?"

கையை எடுக்காமல் மெல்லச் சொன்னார்: "கடிச்சது."

சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து மைக்கின் இரும்பு வலையில் வைத்தேன். உள்ளே இருந்த சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது. பிளக்கை இழுத்துக் கழற்றினேன்.

"சைமன், என்ன கழட்டினீங்க?"

"மல்டி பிளக்குக்குள்ள பச்சை வயர்... எங்கட பெருநாளுக்கு சவுண்ட் போட வாறவன் அப்பிடித்தான் செய்வான். சத்தம் நிண்டுதுதானே சேர்..."

"சத்தம் நிண்டுது. இன்னும் கொஞ்சம் கரண்ட் கூட வந்திருந்தா அவவும் நிண்டிருப்பா!"

அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. சைமன் சுவரோடு சாய்ந்து நின்றார். டீச்சர் கையைக் காட்டி என்னை அடக்கினார். சிவந்த உதட்டோடு, எங்களைக் கூட்டத்தில் நிறுத்திய அதே கட்டையான "ஓம்" ஒன்று வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

எர்த் எனப்படும் அந்தப் பச்சை வயரைப் பற்றி எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். கருவிகளிலிருந்து தப்பி வரும் மின்சாரம் மண்ணுக்குப் போகிற வாய்க்கால் அது. வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும். அன்று அது தேடிய வழி, ஏற்கெனவே புண்பட்ட ஒரு தொண்டைக்கு மேலிருந்த உதடு.

வயரைத் திரும்ப மாட்டினேன். இரைச்சலும் திரும்பியது. பழக்கத்தில் மறுபடி டெஸ்டரை மைக்கில் வைத்தேன். விளக்கு இருண்டிருக்க வேண்டும். மங்கலாக எரிந்தது. எழுந்து போய்ப் பிரிஜின் கதவில் வைத்தேன். அதிலும் எரிந்தது. அப்படியென்றால் வாய்க்கால் வீட்டுக்குள் இருக்கிறது, மண்ணைச் சேரவில்லை.

"எர்த் கம்பி எங்க நட்டிருக்கு?"

"குசினிக்குப் பின்னால. அதுல பிழை இருக்காது சேர்," என்றார் சைமன், சற்று ரோஷத்தோடு. "அத நான் பிள்ளை மாதிரிப் பாக்கிறேன்."

அவர் பார்த்த விதத்தை அப்போதுதான் அறிந்தேன். கோயில் பெருநாளுக்கு வீதி அலங்கார விளக்குகளுக்கு மின்சாரம் எடுப்பது இவர்கள் வீட்டிலிருந்து. மணல் தரையில் எர்த் பிடிக்காது, உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று யாரோ ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பெருநாளுக்கு மட்டுமல்ல, கருவாட்டுத் தொட்டி கழுவும் போதெல்லாம், அந்த உப்புத் தண்ணீரில் ஒரு வாளி எர்த் குழிக்கு. ஒருமுறைகூடத் தவறவிடவில்லை.

சைமன் மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிட்டு மண்ணைத் தோண்டினார். இரும்புக் குழாய் செதில் செதிலாக உரிந்தது. வயரைப் பிடித்திருந்த பூட்டு அவர் விரலுக்குள் பிட்டாக உதிர்ந்தது. பச்சை பூத்த செம்புக் கம்பி எதையும் தொடாமல் மணலில் தனியே நின்றது. எங்கள் கரையில் காற்றே இரும்பைத் தின்னும். அவர் அதற்கு ஆண்டுக்கணக்கில் வாளியில் வேறு ஊட்டியிருக்கிறார்.

சைமன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "நானே... நானே அவவுக்கு..."

டீச்சர் மெல்ல நடந்து வந்து குழியை எட்டிப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன்.

"மனுசன் எர்த்தையும் கருவாடு போட்டிட்டார்," என்றார், காற்றாக.

சைமன் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவருக்கு. டீச்சர் குனிந்து அவர் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். "பெருநாளைக்கு லைட் எரிஞ்சதுதானே. எழும்புங்க."

அன்று மத்தியானம் கடந்திருந்தது. குரல் போய்விட்டது. மிஞ்சியது ஞாயிறு காலை மட்டும். அது முடிய, மத்தியானம் கொழும்புக்கு வேன்.

வயரிங் வேலை செய்யும் என் மச்சினன் றியாஸ் ஞாயிறு விடிந்ததும் செம்புக் கம்பியோடு வந்தான். கிணற்றடியில் மணல் எப்போதும் ஈரம். அங்கே அடித்து இறக்கினான். ஒவ்வோர் அடிக்கும் சைமன் கடிகாரத்தைப் பார்த்தார். நான் டீச்சரின் அறை ஜன்னலைப் பார்த்தேன். அவர் பேசாமல், போர்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, குரலைக் காத்துக்கொண்டிருந்தார். புதிய வயர் மெயின் பெட்டிவரை வந்தது. புறப்படும்போது றியாஸ் சொன்னான்: "சைமன் அண்ணே, இனி இதுக்கு மீன் தண்ணி காட்டினா என்னைக் கூப்புடாதீங்க."

டெஸ்டரை மைக்கில் வைத்தேன். இருட்டு. பிரிஜில் வைத்தேன். இருட்டு. ஆனாலும் இரைச்சல் போயிற்றா என்று அவரைப் பேச வைக்காமல் அறிய வேண்டும். "டீச்சர், ஒரு நிமிசம் மைக்குக்கு முன்னால சும்மா இருங்க. வெறும் அறையப் பதிஞ்சு பாப்பம்," என்றேன்.

பதிவு ஓடியது. வெளியே சைமன் கருவாட்டில் இறங்கும் காகங்களை வாய் திறந்து விரட்ட முடியாமல் துவாயை வீசிக்கொண்டு வாடியைச் சுற்றி ஓடினார். ஜன்னலால் அதைப் பார்த்த டீச்சர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார். கடைசியில் பொறுமை இழந்தார்.

"முடிஞ்சுதா சேர்?"

பதிவை நிறுத்தி ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். நெடுநேரம் விரல் அசையவில்லை.

"கடல் கேக்குது," என்றார். "தூரத்துல. வேற ஒண்டும் இல்ல."

பிறகு தொடங்கினோம். "தேத்தண்ணிக்குச் சீனி காணாது." "சைமன், டீவிச் சத்தத்தக் குறைங்க." "மழை வருது, கருவாட்ட எடுங்க." "நான் பிலோமினா கதைக்கிறேன், சுகமா?" அதன் பிறகு "ஓம்". ஒன்று போதாது என்றார். சம்மதத்துக்கு ஒன்று, நம்பாததற்கு இழுத்து ஒன்று, வாயை மூடச் சொல்வதற்குக் கட்டையாக ஒன்று.

"ஒரு பாட்டு, டீச்சர்?" என்று கேட்டேன்.

மறுத்தார். "பாட்டு பிள்ளைகள்ட்டக் கிடக்கு சேர். எனக்குக் கதைதான் வேணும்."

கடைசியாக மகளின் பெயர். கடற்கரையில் விளையாடும் பிள்ளையை வாசலில் நின்று கூப்பிடுவது போல, "றொஷா..." என்று இழுத்தார். அங்கே குரல் உடைந்தது. மறுபடி முயன்றார், காற்று மட்டும் வந்தது. வீதியில் வேன் ஹோன் அடித்தது. சைமன் பையோடு வாசலில் நின்றார். டீச்சர் ஹெட்போனைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"போதும் சேர். மிச்சத்த அவ சொல்லுவா." உதட்டசைவில்தான் அதைப் படித்தேன்.

சத்திரசிகிச்சை சரியாக நடந்தது. அதன் பின் அவர் வாழ்ந்த காலத்தை அவருடைய அயலவர்கள் அறிவார்கள். டெப்பைக் கழுத்தில் தொங்கவிட்டபடி சந்தைக்குப் போவார். கோயில் கூட்டத்தில் ஒருவர் நீட்டி முழக்கியபோது மூன்றாவது ஓமை அழுத்தினார். அந்த மனிதர் பாதியில் உட்கார்ந்தார். றொஷானி ஒவ்வொரு ஞாயிறும் அழைப்பாள். டீச்சர் "றொஷா..." என்பதை அழுத்துவார். "...னி" என்று இத்தாலியிலிருந்து பதில் வரும். நோய் திரும்பி வந்து படுக்கையில் விழுந்த பிறகும் அது நிற்கவில்லை.

அடக்கத்தன்று வாசலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். செபம் தொடங்கியதும் அந்த முனகல் கேட்டது. டீச்சர் இருந்திருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார். சவுண்ட்காரர் பிளக்கைக் கழற்றி ஸ்குரூ டிரைவரை எடுத்தார். பெட்டியருகே அதுவரை அசையாமல் இருந்த சைமன் எழுந்து போய் அவர் கையைப் பிடித்தார்.

"பச்சை வயரத் தொடாத தம்பி. சத்தம் கேட்டாக் கேக்கட்டும்."

பிறகு தாமே குனிந்து, இரண்டு பிளக்கையும் ஒரே மல்டி பிளக்குக்கு மாற்றினார். முனகல் தணிந்தது. திரும்பி வந்து பெட்டியருகே உட்கார்ந்தார்.

அன்று மாலை வீடு வந்து, என்னிடமிருந்த பிரதிகளில் ஒன்றை மட்டும் போட்டுக் கேட்டேன். அதில் கடைசிவரை வார்த்தைகள் கிடையாது. தூரத்தில் கடல் இருக்கிறது. பக்கத்தில் ஒரு மனுசியின் மூச்சு இருக்கிறது, மூக்கால் போய் மூக்கால் வரும் மூச்சு, சிரிப்பை அடக்கும்போது ஒருமுறை தடுமாறுகிறது. கடைசியில் "முடிஞ்சுதா சேர்?" என்கிறார். அந்த இடத்தில் நான் பதிவை நிறுத்தியிருந்தேன். என் பதில் அதில் இல்லை.

முடிஞ்சுது டீச்சர். இரைச்சல் ஒண்டும் இல்ல. நீங்க எழும்பிப் போகலாம்.